எட்டாவது குவார்ட் எங்கே போகிறது? சிறு விமான இன்ஜினில் ஆயில் அளவைப் பராமரிக்க ஒரு முழு வழிகாட்டி

பயிற்சி விமானங்களைப் பராமரிக்கும் ஹேங்கரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தினமும் காலையில் ஒரே வேலையை இரண்டு முறை செய்து கொண்டிருந்தேன். முதலில் செஸ்னா 172-இன் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியை, எடுத்துப் பார்த்து, ஏழு குவார்ட் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்) காட்டினால் எட்டாக்குவேன். மாலையில் அந்த விமானம் திரும்பி வந்ததும் அதன் அடிவயிற்றில் வால் வரைக்கும் வழிந்திருக்கும் கருப்பு ஆயிலைப் படுத்துக்கொண்டு துடைப்பேன். மறுநாள் டிப்ஸ்டிக் மறுபடி ஏழு காட்டும், நானும் மறுபடி எட்டாக்குவேன். ஒரு மாதம் கழித்து மூத்த மெக்கானிக் ஒருவர் கேட்டார்: "தம்பி, தினமும் ஒரு பாட்டில் ஆயிலை வாங்கி விமானத்தோட வயித்துல தடவறியே, அது என்ன வேண்டுதலா?"

அன்றுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு இன்ஜினுக்கும் தான் தங்கி நிற்க விரும்பும் ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் ஊற்றுவதை அது வெளியே துப்பிவிடும். அந்த அளவைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொண்டால் ஆயில் மிச்சம், வேலையும் மிச்சம். உண்மையான கோளாறு வரும்போது அதுவும் சீக்கிரம் கண்ணில் படும். அதை எப்படிச் செய்வது என்று இங்கே சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் லைக்கமிங் நான்கு சிலிண்டர் இன்ஜின்களையே எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வில்லியம்ஸ்போர்ட் நகரில் தயாராகும் இவைதான் உலகின் பல பயிற்சி விமானங்களில் ஓடுகின்றன. ரோட்டாக்ஸ் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு, அது கடைசியில்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் எண்கள் எல்லாம் குறிப்பிட்ட மாடல்களுக்கானவை. உங்கள் விமானத்தின் கையேட்டில் இருப்பதுதான் உங்களுக்குச் சட்டம்.

உள்ளே என்ன நடக்கிறது

லைக்கமிங் ஓ-320, ஓ-360 வகைகள் ஈரச் சம்ப் வகை. அதாவது ஆயில் இன்ஜினின் அடியில் உள்ள தொட்டியிலேயே கிடக்கும். பின்பக்கம் இருக்கும் பம்ப் அதை உறிஞ்சி கூலர், ஃபில்டர் வழியாக பேரிங்குகளுக்கு அனுப்பும். வேலை முடித்த ஆயில் தானாக வழிந்து மறுபடி தொட்டியில் விழும்.

சிலிண்டருக்குள் வெடிக்கும் வாயுவில் ஒரு சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழல் தண்டு இருக்கும் உறையான கிராங்க்கேஸுக்குள் வந்துகொண்டே இருக்கும். புத்தம் புது இன்ஜினிலும் இது உண்டு. இந்த வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி ஏதாவது ஒரு சீலைப் பிதுக்கித் தள்ளிவிடும். அதனால்தான் பிரீதர் குழாய். இன்ஜினின் பின்பக்க மேற்பகுதியில் கிளம்பி, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் விமானி அறைக்கும் நடுவே உள்ள தடுப்பு) ஓரமாக இறங்கி, இன்ஜினை மூடும் உறையான கவுலிங்குக்குக் கீழே திறந்த வாயோடு முடியும் அந்தக் குழாய்தான் இன்ஜினின் மூக்கு.

இன்ஜின் ஓடும்போது உள்ளே ஆயில் அமைதியாகக் கிடப்பதில்லை. கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து தெறிக்கும், பனி மாதிரி மிதக்கும். தொட்டி விளிம்பு வரை நிரம்பியிருந்தால் தெறிப்பும் மிதப்பும் அதிகம். வெளியேறும் வாயு அந்த ஆயில் பனியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும். மட்டம் ஓரளவு இறங்கியதும் இந்த இழப்பு தானாகவே குறைந்துவிடும். எட்டாவது குவார்ட் இரண்டு மூன்று மணி நேரத்தில் காணாமல் போவதும், ஏழாவது பத்து மணி நேரம் தாங்குவதும் இதனால்தான்.

இது ஹேங்கர் வதந்தி இல்லை. செஸ்னா 172என் மாடலின் கையேடே சொல்கிறது: தொட்டி 6 குவார்ட் கொள்ளும், 4-க்குக் கீழே பறக்காதே, மூன்று மணி நேரத்துக்குள் முடியும் சாதாரணப் பறப்புக்கு, பிரீதர் வழி இழப்பைக் குறைக்க, 5 வரை மட்டும் ஊற்று, நீண்ட பயணத்துக்கு 6. பழைய செஸ்னா 150 கையேட்டிலும் இதே மாதிரிதான். பிறகு வந்த 172எஸ் மாடலில் தொட்டி 8 குவார்ட். குறைந்தபட்சம் 5, நீண்ட பறப்புக்கு 8. அதே கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 9 என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்த ஒன்று ஃபில்டர், கூலர், குழாய்களுக்குள் தங்குவது. டிப்ஸ்டிக் அதைப் பார்க்காது.

குவார்ட் என்பது சுமார் 0.95 லிட்டர். லிட்டர் பாட்டிலிலிருந்து ஊற்றுபவர்கள் அந்தச் சின்ன வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

படி 1: ஒழுங்காக அளப்பது

பாதிக் குழப்பம் அளப்பதிலேயே வருகிறது. நேற்று ஏழு, இன்று ஆறரை, நாளை ஏழு என்று எழுதி வைத்திருப்பார்கள். இன்ஜினில் ஒரு பிசகும் இருக்காது. ஒருவர் சூட்டோடு பார்த்திருப்பார், இன்னொருவர் காலையில் பார்த்திருப்பார்.

முதலில் மாஸ்டர் ஸ்விட்ச் ஆஃப், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோ ஆஃப், சாவி வெளியே. சாவியை டாஷ்போர்டின் மேல், வெளியிலிருந்து கண்ணாடி வழியாகத் தெரியும்படி வையுங்கள். புரொபெல்லர் பக்கத்தில் நிற்கும் எந்த வேலைக்கும் இது பொருந்தும்.

விமானம் சமதளத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். மூக்குச் சக்கரத்தின் ஸ்ட்ரட் காற்றிறங்கி அமுங்கிக் கிடந்தால் இன்ஜினும் சாய்ந்திருக்கும், டிப்ஸ்டிக்கும் தப்பாகக் காட்டும்.

இன்ஜினை நிறுத்தி உடனே அளக்காதீர்கள். ஆயில் இன்னும் மேலே, சிலிண்டர் தலைகளிலும் சுவர்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்திருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் ஓரளவு சரியாக இருக்கும். இரவு முழுக்க நின்ற பிறகு இன்னும் கொஞ்சம் கூடக் காட்டும். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், ஆனால் தினமும் அதையே செய்யுங்கள். என் விருப்பம் காலையில், முதல் பறப்புக்கு முன், குளிர்ந்த இன்ஜினில்.

டிப்ஸ்டிக்கை வெளியே எடுத்து, நூல் உதிராத சுத்தமான துணியில் துடைத்து, முழுவதும் உள்ளே விட்டு, மறுபடி எடுத்துப் படியுங்கள். முதல் தடவை எடுத்ததை நம்பாதீர்கள்; குழாயின் சுவரில் இருக்கும் ஆயில் குச்சியின் மேல் பூசிக்கொண்டு ஏமாற்றும். புதிதாக மாற்றிய ஆயில் தண்ணீர் மாதிரி இருக்கும், கண்ணுக்கே தெரியாது. குச்சியை வெள்ளைத் துணியின் மேல் சாய்த்துப் பிடித்து, வெளிச்சத்தில் பளபளப்பு எங்கே முடிகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மூடும்போது கை முறுக்கு மட்டும் போதும். சூடான இன்ஜினில் இறுக்கி முறுக்கி, அது ஆறிய பிறகு திறக்க முடியாமல் ஸ்பானர் போட்டு, கடைசியில் நிரப்புக் குழாயையே கழற்றி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்காகத் தளர்வாகவும் விடக்கூடாது. மூடி சரியாக உட்காராவிட்டால் அந்த வழியாகவும் ஆயில் வெளியேறும், அதைப் பிரீதர் இழப்பு என்று நினைத்துக்கொண்டு நாம் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்போம்.

இன்னொன்று: ஒரே இன்ஜின் வெவ்வேறு விமானங்களில் வெவ்வேறு நீளக் குழாயோடு வரும். அதனால் ஒரு விமானத்தின் டிப்ஸ்டிக்கை இன்னொன்றில் போடக்கூடாது. பழைய விமானம் வாங்கியவர்கள், முன்னால் இருந்தவர் குச்சியை மாற்றிவிட்டாரோ என்று ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. அதற்குச் சரியான நேரம் அடுத்த ஆயில் மாற்றம். முழுதும் வடித்துவிட்டு, புது ஃபில்டர் போட்டு, ஆயில் ஊற்றி, இன்ஜினைச் சிறிது ஓட்டி நிறுத்தி ஆற விடுங்கள். பிறகு குச்சி காட்டும் எண்ணை, நீங்கள் எண்ணி ஊற்றிய குவார்ட்டுகளோடு ஒப்பிடுங்கள். ஃபில்டரும் குழாய்களும் குடித்ததைக் கழித்தால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

படி 2: இன்ஜின் தங்கும் அளவைக் கண்டுபிடிப்பது

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு சிறு நோட்டு எடுங்கள். தேதி, இன்ஜின் மணி, குளிரில் அளந்த ஆயில், ஊற்றியது எவ்வளவு என்று நான்கு பத்தி போதும். கையேடு அனுமதிக்கும் அதிகபட்சத்திலிருந்து தொடங்குங்கள். 172எஸ் என்றால் எட்டு. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அளந்து எழுதுங்கள், ஆனால் ஊற்றாதீர்கள். குறைந்தபட்ச அளவு நெருங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள். இது சொல்வதற்கு எளிது; பழக்கப்பட்ட கை தானாகப் பாட்டிலைத் தேடும்.

பெரும்பாலும் நோட்டில் இப்படி ஒரு கதை வரும்: எட்டிலிருந்து ஏழரைக்கு ஒரு மணி நேரத்தில் இறங்கும். ஏழரையிலிருந்து ஏழுக்கு இரண்டு மணி நேரம். அதன்பிறகு ஏழிலிருந்து ஆறுக்கு வர எட்டோ பத்தோ மணி நேரம் ஆகும். எங்கே இறக்கம் திடீரென்று மெதுவாகிறதோ, அதுதான் உங்கள் இன்ஜின் தங்கும் அளவு. இந்தக் கதையில் அது ஏழு. சில இன்ஜினில் ஆறரை, சிலதில் ஆறு. ஒரே வயதான இரண்டு 172-களில் கூட வேறுபடும்.

கண்டுபிடித்த எண்ணை டிப்ஸ்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். மாணவர்கள் பலர் கைமாறிப் பறக்கும் விமானத்தில் இது ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் பத்து பேரில் ஒருவர் பெட்ரோல் பங்க்கில் "ஃபுல் டேங்க்" போடுகிற மனநிலையில் நிரப்பிவிட்டுப் போய்விடுவார்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. கையேட்டின் குறைந்தபட்சம், அதோடு பறக்கப்போகும் மணிக்குச் செலவாகும் ஆயில், அதோடு நிம்மதிக்காக ஒரு குவார்ட். 172எஸ்-இல் எட்டு மணிக்கு ஒரு குவார்ட் செலவாகிறது, நான்கு மணி நேரம் பறக்கப்போகிறீர்கள் என்றால்: 5, அரை, ஒன்று; மொத்தம் ஆறரை. தங்கும் அளவு ஏழாக இருந்தால் ஒன்றுமே ஊற்றத் தேவையில்லை. கையேடு நீண்ட பறப்புக்கு எட்டு என்று சொன்னால் அன்றைக்கு மட்டும் எட்டு ஊற்றுங்கள். ஒரு குவார்ட் வயிற்றில் போகும், போகட்டும்.

லைக்கமிங் தன் ஓ-320, ஓ-360 கையேடுகளில், 8 குவார்ட் தொட்டிக்குப் பாதுகாப்பான குறைந்தபட்சம் 2 குவார்ட் என்று குறிப்பிடுகிறது. அது பம்ப்புக்கு ஆயில் கிடைக்கிறதா என்ற இன்ஜின்காரரின் கணக்கு. அதைக் காரணம் காட்டி நான்கோடு கிளம்பாதீர்கள். விமானத்தின் கையேடு சொல்லும் எண்ணே மேலானது. ஆயில் குறைந்தால் இருப்பதே திரும்பத் திரும்பச் சுற்றும், சூடு ஏறும், அழுக்கும் அடரும். காற்றால் குளிரூட்டப்படும் இன்ஜினில் வெப்பத்தைக் கொண்டுபோகும் வேலையில் ஒரு பங்கு ஆயிலுடையது.

படி 3: ஊற்றுவது

அரைக் குவார்ட் ஊற்றுங்கள், சில நிமிடம் பொறுங்கள், அளங்கள். தேவைப்பட்டால் இன்னொரு அரை. குழாயின் சுவரில் வழியும் ஆயில் கீழே போய்ச் சேராமல் அளந்தால் அளவு பிடிபடாது, கூட ஊற்றிவிடுவோம்.

புனலைத் துடையுங்கள். அதே புனலில் நேற்று யாரோ வேறு எதையோ ஊற்றியிருக்கலாம். பாட்டிலின் மூடியைத் திறக்கும்போது உடையும் பிளாஸ்டிக் வளையம் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆயில்? இன்ஜினில் ஏற்கெனவே இருப்பதே. பாட்டிலைப் பார்க்காமல் ஊற்றுவது கெட்ட பழக்கம். ஏரோஷெல் டபிள்யூ100 என்பது எஸ்.ஏ.இ. 50 தடிமன், டபிள்யூ80 என்பது எஸ்.ஏ.இ. 40. இந்த எண் குழப்பத்தில் விழாதவர் குறைவு. 15 டிகிரி செல்சியஸுக்கு மேலான வெப்பநிலைக்கு லைக்கமிங் 40 அல்லது 50-ஐ ஏற்கிறது; 15டபிள்யூ-50, 20டபிள்யூ-50 போன்ற மல்டிகிரேட் எல்லா வெப்பநிலைக்கும் ஆகும். நம் ஊர் வெயிலில் ஆண்டு முழுக்க 50 தடிமன் பிரச்சினை தராது.

கார் ஆயிலை லைக்கமிங்கில் ஊற்றவே கூடாது. அதன் சுத்திகரிப்புச் சேர்மங்கள் எரிந்தால் உலோகச் சாம்பலை விட்டுப்போகும். அந்தச் சாம்பல் பிஸ்டன் தலையில் கனன்று, பொறிக்கு முன்பே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். அதற்காகவே விமான ஆயில் சாம்பலற்ற டிஸ்பர்சன்ட் (அழுக்கைப் படியவிடாமல் ஆயிலிலேயே மிதக்க வைக்கும்) வகையாக வருகிறது.

புதிதாக ஓவர்ஹால் செய்த இன்ஜின் விதிவிலக்கு. அதற்குப் பொதுவாக முதலில் சேர்மம் இல்லாத மினரல் ஆயில். 50 மணி நேரமோ, ஆயில் செலவு நிலைப்படும் வரையோ. ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு உராய்ந்து பழகும் காலம் அது. அந்தச் சமயத்தில் ஆயில் நிறையக் குடிக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் புது இன்ஜின் என்று பாவம் பார்த்து மெதுவாக ஓட்டினால் ரிங் படியாமல் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். பிறகு அது வாழ்நாள் முழுக்க ஆயில் குடிக்கும்.

படி 4: அதிகமாகிவிட்டால்

கை தவறி அதிகபட்சத்தைத் தாண்டிவிட்டதா? பதற வேண்டாம், ஆனால் அப்படியே கிளம்பவும் வேண்டாம். சம்ப்பின் அடியில் விரைவு வடிகுழாய் இருந்தால், அதில் ஒரு குழாயை மாட்டி, சுத்தமான அளவுப் பாத்திரத்தில் கூடுதலை வடித்துவிடுங்கள். ஆயில் கொஞ்சம் சூடாக இருந்தால் சுலபமாக இறங்கும். வடிகுழாய் இல்லாவிட்டால், நிரப்புக் குழாய் வழியே மெல்லிய சுத்தமான குழாயை விட்டுக் கைப் பம்ப்பால் உறிஞ்சலாம்.

வடித்து முடித்ததும் வடிகுழாய் முழுதாக மூடிக்கொண்டதா என்று இரண்டு முறை பாருங்கள். அடியில் ஒரு தாளைப் போட்டுவிட்டு, பத்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். ஒரு குவார்ட் அதிகமாக இருந்ததைச் சரிசெய்யப் போய், வடிகுழாயைச் சரியாக மூடாமல் எட்டையும் காற்றில் விட்டால் அது பெரிய விபத்தில் முடியும். விரைவு வடிகுழாய் வசதியான பொருள்தான், எனக்கு அதன் மேல் எப்போதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

படி 5: அடிவயிற்றைப் படிப்பது

தங்கும் அளவில் வைத்த பிறகும் வயிறு நனைகிறது என்றால், துப்பறியும் வேலை தொடங்குகிறது. காற்று ஆயிலைப் பின்னால் அடித்துப் பரப்பிவிடுவதால் கறை இருக்கும் இடத்தில் கசிவு இருக்காது. கசிவு அதற்கு முன்னால், கறையின் முன் நுனியில் இருக்கும்.

கவுலிங்கைக் கழற்றி, இன்ஜினை நன்றாகக் கழுவி உலரவிடுங்கள். சந்தேகப்படும் இடங்களில் பாதங்களுக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை மெல்லியதாக அடியுங்கள். இன்ஜினைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். விலையுயர்ந்த ஒளிரும் சாயங்கள் எல்லாம் உண்டு. மருந்துக்கடைப் பவுடர் பல நாள் அதே வேலையைச் செய்திருக்கிறது.

வழக்கமான குற்றவாளிகள்: சிலிண்டர் தலையின் ராக்கர் மூடி கேஸ்கெட், புஷ்ராட் குழாய் சீல்கள், தலையிலிருந்து ஆயில் திரும்பும் குழாய்களின் ரப்பர் இணைப்புகள், பின்பக்கம் வேக்குவம் பம்ப் உட்காரும் இடம், ஃபில்டரின் அடி. கறை விமானத்தின் மூக்கிலிருந்தே தொடங்கி விண்ட்ஷீல்டு வரை தெறித்திருந்தால் அது கிராங்க் ஷாஃப்ட்டின் முன் சீல். அதைக் கண்டால் அன்று பறக்காதீர்கள்.

படி 6: பிரீதர் குழாய்

குழாயின் வாயைக் குனிந்து பாருங்கள். நம் பக்கம் குளவி கூடு கட்டாத ஓட்டை கிடையாது. விமானம் ஒரு வாரம் நின்றால் வேகத்தை அளக்க உதவும் பிட்டாட் குழாயில் மண் கூடு வைக்கிற குளவிக்கு பிரீதரும் ஒரு வீடுதான். அடைபட்ட பிரீதரோடு இன்ஜினைக் கிளப்பினால் அழுத்தத்துக்கு வேறு வழி கிடையாது. முன் சீல் பிதுங்கி வெளியே வரும், நிமிடங்களில் ஆயில் முழுதும் போய்விடும்.

பனி நாடுகளில் இதே வேலையை ஐஸ் செய்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். பெரும்பகுதி எக்ஸாஸ்டில் போய்விட்டாலும் ஒரு துளி ரிங்கைத் தாண்டி கிராங்க்கேஸுக்கு வந்து, பிரீதர் வழியாகக் கிளம்பும். உறைநிலைக்குக் கீழே அது குழாயின் நுனியில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதற்காகவே பல விமானங்களில் கவுலிங்குக்குள், சூடான பகுதியில், குழாயில் ஒரு சிறு பிளவு வெட்டியிருப்பார்கள். அமெரிக்க மெக்கானிக்குகள் அதை விசில் பிளவு என்பார்கள், வடிவம் அப்படி. நுனி அடைத்தாலும் அந்தப் பிளவு மூச்சு விடும். "இது ஏன் கிழிந்திருக்கிறது" என்று அதைச் சுற்றி டேப் ஒட்டிய நல்ல உள்ளங்களும் உண்டு. தயவுசெய்து ஒட்டாதீர்கள்.

குழாயின் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்பதும் முக்கியம். காற்று அதன் வாயில் உறிஞ்சும்படி அமைந்துவிட்டால் ஆயிலை ஸ்ட்ரா போட்டுக் குடிப்பது போல இழுக்கும். தயாரிப்பாளர் வரைபடத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். வெட்டவும் நீட்டவும் வேண்டாம்.

பிரீதரில் ஆயிலைப் பிரித்தெடுக்கும் கருவிகள் விற்கிறார்கள். வயிறு சுத்தமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் பிரித்த ஆயிலை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் வகையில், வெளியேற வேண்டிய தண்ணீரும் அமிலமும் கூடவே திரும்பி வருகிறது. துணி மலிவு, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் விலை அதிகம் என்பது என் கட்சி. லைக்கமிங்கில் கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. விமானம் நின்றால் அதன் மேலிருந்த ஆயில் வழிந்துவிடும், கடற்கரைக் காற்றில் துரு பிடிக்கும். டிப்ஸ்டிக்கில் மோர் நிறத்தில் நுரை கண்டால் அது தண்ணீர். தரையில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது அதை இன்னும் மோசமாக்கும். பறந்து ஆயிலை 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி அரை மணி வைத்தால்தான் ஈரம் போகும்.

படி 7: செலவு எப்போது அதிகம்

லைக்கமிங் ஒரு சூத்திரம் கொடுக்கிறது: 0.006-ஐ குதிரைத்திறனால் பெருக்கி, நான்கால் பெருக்கி, 7.4-ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச ஆயில் செலவு குவார்ட்டில் வரும். 180 குதிரைத்திறனுக்கு இது 0.58. அதாவது இரண்டு மணிக்கு ஒரு குவார்ட்டுக்கும் மேல் குடித்தாலும் தாளில் பாஸ். பார்க்க தாராளமாகத் தெரியும். அது கடைசி வேலி, அவ்வளவுதான். எட்டு மணிக்கு ஒன்று குடித்த இன்ஜின் ஒரே மாதத்தில் மூன்று மணிக்கு ஒன்று என்று மாறினால், சூத்திரத்துக்குள் இருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. நோட்டு வைத்திருப்பவருக்கு மட்டுமே இந்த மாற்றம் தெரியும்.

அப்போது ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். ஒரு சிலிண்டரின் பிளக் மட்டும் ஆயிலில் ஊறியிருந்தால் அந்த சிலிண்டரின் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. 80 பி.எஸ்.ஐ. காற்றை உள்ளே செலுத்திச் செய்யும் கம்ப்ரஷன் சோதனையில் காதை வைத்துக் கேளுங்கள். எக்ஸாஸ்ட்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் நிரப்பும் வாயில் சீறினால் ரிங். இன்னொரு தயாரிப்பாளரான காண்டினென்டலின் இன்ஜின்களில் கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளக்க, நிரப்பும் வாயில் ஒரு வேகமானியையே மாட்டிப் பார்ப்பார்கள். அதுவும் சிறு அழுத்தத்தை அளக்கும் கருவிதானே. பறக்காமலேயே முள் ஏறுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

ஆயில் மாற்றம்: முழு ஓட்ட ஃபில்டர் இருந்தால் 50 மணி, வெறும் சல்லடை என்றால் 25 மணி, இரண்டிலும் நான்கு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. "நடுவில் இவ்வளவு புது ஆயில் ஊற்றினேனே, அதுவே மாற்றின மாதிரிதானே" என்ற வாதத்தை நான் கேட்டிருக்கிறேன். அழுக்கு ஃபில்டரிலும் அடியிலும் அப்படியே இருக்கும். கழற்றிய ஃபில்டரை வெட்டி, காகித மடிப்பை விரித்து, காந்தம் வைத்துப் பாருங்கள்.

படி 8: மேலே போன பிறகு

ஆயில் அழுத்தம் இறங்குகிறது, வெப்பம் ஏறுகிறது: இரண்டும் சேர்ந்தால் ஆயில் உண்மையிலேயே போகிறது. சக்தியைக் குறைத்து, இறங்க இடம் பாருங்கள். இன்ஜின் எந்த நேரமும் நிற்கலாம். அழுத்தம் குறைவு, வெப்பம் இயல்பு: கருவியோ அழுத்த வால்வோ தவறாக இருக்கலாம். அப்படியே இருந்தாலும் பக்கத்து விமான நிலையத்தில் இறங்கிப் பார்ப்பதுதான் முறை. பிளேடுகளின் சாய்வுக் கோணம் மாறும் புரொபெல்லர் உள்ள ஒற்றை இன்ஜின் விமானமென்றால், ஆயில் போகும்போது பிளேடுகள் சிறிய கோணத்துக்குத் திரும்பி ஆர்.பி.எம். திடீரென ஏறும். அது முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

ரோட்டாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

ஆஸ்திரியாவின் குன்ஸ்கிர்ஷனில் தயாராகும் ரோட்டாக்ஸ் 912-இல் இந்தப் பழக்கங்கள் பாதி செல்லாது. இது உலர் சம்ப் வகை. ஆயில் தனித் தொட்டியில் இருக்கும். நிறுத்திய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜினுக்குள் இறங்கிவிடும். காலையில் வந்து குச்சியைப் பார்த்தால் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் உள்ளே இருந்ததும் திரும்பி வந்து தொட்டி நிரம்பி, காற்றுக்குழாய் வழியே கொட்டும். ரோட்டாக்ஸ் பொங்கல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன.

அளக்கும் முறை இது. இக்னிஷன் சுவிட்ச் இரண்டும் ஆஃப். தொட்டி மூடியைத் திறந்து வையுங்கள். புரொபெல்லரை அது ஓடும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒவ்வொரு கம்ப்ரஷனிலும் சில நொடி பிடித்து நிறுத்துங்கள். ரிங்கைத் தாண்டும் காற்று கிராங்க்கேஸில் சேர்ந்து, அடியில் கிடக்கும் ஆயிலைத் தொட்டிக்குத் தள்ளும். ஆயில் தீர்ந்து காற்று வரும்போது தொட்டியில் "குளுக் குளுக்" என்று ஏப்பம் விடும். அதைக் கேட்டதும் நிறுத்தி அளங்கள். எதிர்த் திசையில் மட்டும் சுற்றாதீர்கள். வால்வு அமைப்புக்குள் காற்று புகுந்துவிடும்.

குச்சியில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே 0.45 லிட்டர்தான். மேல் பாதிக்குள் நின்றால் போதும். அனுமதிக்கப்பட்ட உச்சச் செலவும் மணிக்கு 0.06 லிட்டர்தான், லைக்கமிங்கோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆயிலிலும் விதி தலைகீழ்: இதே ஆயில்தான் கியர்பாக்ஸையும் கிளட்ச்சையும் நனைக்கிறது என்பதால் மோட்டார்சைக்கிள் வகைச் சேர்மங்கள் உள்ள ஆயில் வேண்டும், ஏரோஷெல் ஸ்போர்ட் பிளஸ் 4 மாதிரி. டபிள்யூ100 ஊற்றக்கூடாது. இரண்டு வகை விமானமும் நிற்கும் ஹேங்கரில் ஆயில் பாட்டில்களைத் தனித்தனி அலமாரியில் வையுங்கள், புனலையும் சேர்த்து.